சித்தப்பா காத்திருந்த அதிகாரம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நடுச்சுவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைதான் காம்பரா. ஒரு காம்பராவை அடுத்த காம்பராவிலிருந்து பிரிக்கும் அந்தச் சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம்வரை வெறும் இடைவெளிதான். அடுத்த வீட்டு அடுப்புப் புகை நம் கண்ணில் எரியும். நம் வீட்டில் கருவாடு சுட்டால் அவர்கள் வீட்டுக் குழந்தை சோறு கேட்டு அழும். இருமலும் தாலாட்டும் சண்டையும் எந்த ஒரு குடும்பத்துக்கும் தனிச் சொத்தாக இருந்ததில்லை. எங்கள் வீட்டு வேதவாசிப்பும் அப்படித்தான் இருந்தது.

ராகலையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து குறுக்குப் பாதையாக நடந்தால் எங்கள் லயம். அதில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இரண்டே குடும்பம். ஒன்று நாங்கள். மற்றது கடைசிக் காம்பராவில் இருந்த சித்தப்பாவின் குடும்பம். மற்ற எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எங்களுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நாங்கள் அத்தை என்போம். உறவு ஒன்றும் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, எங்கள் வேதத்தை ஒரு நாள் விடாமல் கேட்டவர் அவர்தான்.

நான் எதையும் நாள்வாரியாக எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவள். ஐம்பதுகளின் அந்தப் பருவத்துக்கு மட்டும் என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. அந்த நாள்களை வேதபுத்தகத்தின் அதிகாரங்களைக் கொண்டுதான் நினைவு வைத்திருக்கிறேன்.

அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்தை அரைத்து வறுக்கும் ஆலையில், வேலை செய்தார். அவர் சட்டையில் வறுபட்ட தூளின் மணம் எப்போதும் இருக்கும். துவைத்தாலும் போகாது. மாலையில் விளக்கு வைத்ததும் கைகால் கழுவிக்கொண்டு வந்து, ஒரு அதிகாரம் வாசிப்பார். ஆதியில் தொடங்கிக் கடைசிவரை, வரிசையாக. அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எதையும் தாண்டக்கூடாது. வெறும் பேர்களாக வரும் அதிகாரமானாலும், எந்த ஆட்டை எப்படி அறுப்பது என்று வரும் அதிகாரமானாலும், முழுவதையும் வாசிக்க வேண்டும். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் ஒரு துண்டை நகத்தால் நீவித் தட்டையாக்கி அடையாளமாக வைத்திருந்தார். புத்தகத்தைத் திறக்கும்போது அது குப்பி விளக்கில் மின்னும். வேதபுத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த ஈயத்தாளை எந்த வீடு மாறும்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு மார்ச்சளி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். திரும்பி வரவில்லை. ஈயத்தாள் குஷ்டரோகிகளைப் பற்றிய சட்டங்களில் நின்றிருந்தது.

அம்மா, கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான், இடுப்பை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்த தங்கச்சி. ஆண் பிள்ளை இல்லை. ஆகவே குடும்பத் தலைமை சித்தப்பாவிடம் போனது. அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களை மேய்க்கும் கங்காணி. கெட்டவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அப்பாவின் பெட்டியைத் தோளில் சுமந்தவர் அவர். ஆனால் அடக்கம் முடிந்து நாள் அதிகம் போகாமலே இரண்டு காரியம் செய்தார்.

முதலாவது, மாலை ஜெபத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அக்காவுக்குப் படித்தது மறந்துபோயிருந்தது. ஆகவே வாசிப்பது நான், பாடம் சொல்வது அவர். பாடம் ஒன்றே ஒன்றுதான்: கீழ்ப்படிதல். தோலில் வெள்ளைத் தழும்பு வந்தவன் ஆசாரியனிடம் காட்ட வேண்டும் என்று நான் வாசித்தால்கூட, "பாத்தியா? ஆசாரியன் சொன்னா சொன்னதுதான். வெளிய போன்னா போகணும். கீழ்ப்படிதல்!" என்பார். அப்பாவின் சட்டத்தை அவர் இன்னும் இறுக்கினார். ஒரு பேரை நான் விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். "ஏய், என்னமோ முணுமுணுத்துட்டுத் தாண்டுற? திரும்பப் படி. ஆண்டவரு வேலையில்லாமலா எழுத வச்சாரு?"

இரண்டாவது, எங்கள் காணியை எடுத்துக்கொண்டார். லயத்துக்கு மேலே, தேயிலை முளைக்காத கல்லாங்கரடு ஒன்றை அப்பா வருடக்கணக்கில் வெட்டிக் கல் பொறுக்கி, மூன்று தட்டாக மரக்கறித் தோட்டம் ஆக்கியிருந்தார். உறுதிப் பத்திரம் எதுவும் கிடையாது. தோட்டத்துத் துரை வாய் வார்த்தையாக விட்ட நிலம். யார் செய்வது என்று தீர்மானிப்பவர் பெரிய கங்காணி. அவரிடம் சித்தப்பா போய்க் கேட்டதும் கிடைத்துவிட்டது. காரணத்தை எங்கள் இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், நின்று அம்மாவிடம் சொன்னார்.

"பொட்டப்புள்ளைங்களுக்குக் காணி எதுக்கு அண்ணி? நாளைக்கு ஒண்ணு பூண்டுலோயாவுக்குக் கட்டிக்கிட்டுப் போகும், ஒண்ணு வட்டகொடைக்குப் போகும். அண்ணன் பேரு நெலைக்கணும்னா எங்கிட்ட இருக்கணும்."

அந்தக் காணியின் லீக்ஸும் கிழங்கும்தான் எங்கள் அரைச் சாப்பாடு. அது போனதும் சித்தப்பா அடுத்ததையும் சொன்னார். ஒரு வயிறு குறைய வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளை தேடுகிறார்களாம். தரகர் ஒருவர் இருக்கிறார். நடுவில் உள்ளவளை அனுப்பிவிடலாம். நடுவில் உள்ளவள் நான்.

அப்படிப் போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். திருவிழாவுக்குக் கூட வராமல் போனவர்கள் உண்டு. அன்று நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமோ அழுகையோ இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அனுப்பலாம் தம்பி. ஆனா வேதம் வாசிக்க வேற ஆள் இல்லியே. மோசே சனங்கள எண்ணுற ஆகமம் ஒண்ணு வருமே, அது முடியட்டும். நடுவுல நிறுத்தினா அவரு ஆத்துமாவுக்கு நல்லா இருக்காது."

சித்தப்பாவால் மறுக்க முடியவில்லை. வரிசையாக, விடாமல் என்பது அவருடைய பெருமை அல்லவா! சரி என்றார். அம்மா பயந்து பணிந்துபோனதாகத்தான் நான் நினைத்தேன். அக்கா அம்மாவுடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு அம்மா உபதேசியாரிடம் காணி விஷயத்தைச் சொன்னபோது அவரும், "பொறுமையா இருங்கம்மா. பெரியவங்களுக்குக் கீழ்ப்படியறதும் விசுவாசந்தான்" என்றார். அம்மா, "சரிங்க ஐயா" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாலையும் நானே என் வாயால் வாசித்து வாசித்துக் கொழும்பை நெருங்கிக்கொண்டிருந்தேன். மெதுவாக வாசித்தும் பயனில்லை. நாளுக்கு ஓர் அதிகாரம் என்பது சட்டம்.

சட்டங்கள் முடிந்து சனங்களை எண்ணும் ஆகமம் வந்தது. அதில் கதைகளும் வந்தன. மோசேக்கு எதிராக எழும்பியவர்களைப் பூமி பிளந்து விழுங்கிய அதிகாரத்தன்று சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். "பெரியவங்கள எதுத்துப் பேசினா என்ன ஆகும்? மண்ணு வாயத் தொறக்கும்!" மண்சரிவைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் நாங்கள். கழுதை பேசிய அதிகாரத்தன்று சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "கழுதைக்கு இருக்க அறிவு அதுமேல ஒக்காந்திருக்கவனுக்கு இல்லியே, யாத்தே! எங்க கங்காணி மாதிரி." சித்தப்பாவும் ஒரு கங்காணி என்பது அத்தைக்கு மறந்திருக்காது.

அம்மா தினமும் அடுப்படியிலிருந்து ஒன்று மட்டும் கேட்பார். "இன்னைக்கு எங்க வந்திருக்கோம்?"

பிறகு அந்த மாலை வந்தது. நான் எதுவும் அறியாமல் வாசித்துக்கொண்டு போனேன். ஐந்து பெண்கள், அக்கா தங்கைகள், மோசேயின் முன்னும் ஆசாரியனின் முன்னும் சபை எல்லோரின் முன்னும் வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பன் வனாந்தரத்தில் செத்துப்போனார், அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, அதனால் அவர் பேர் அற்றுப்போக வேண்டுமா, அவருடைய சகோதரர்களுக்கு நடுவே எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள்.

அடுப்பில் விறகு தள்ளும் சத்தம் நின்றது. அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"போதும்," என்றார் சித்தப்பா. "எண்ணெய் கொறையுது. மிச்சத்த நாளைக்குப் படிக்கலாம்."

சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. "ஏன் நிறுத்திட்டீங்க? அந்தப் புள்ளைங்களுக்குக் காணி கெடைச்சுச்சா இல்லியா?"

"இது எங்க வீட்டு ஜெபம். ஒங்களுக்கு என்ன?"

"ஜெபம் ஒங்களோடதுதான். காது என்னோடது. அதக் கேக்காம எனக்குத் தூக்கம் வராது."

அக்கா பல நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். "பாதியில விடக்கூடாதுன்னு நீங்கதானே சித்தப்பா சொல்லுவீங்க?"

சித்தப்பா விளக்கைப் பார்த்தார். பிறகு, "படி" என்றார்.

மோசே அந்த வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரிதான், கொடு என்று பதில் வந்தது. நான் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தை அந்தப் பக்கம் கையைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு, கொசு அடிப்பதுபோல. அன்று கீழ்ப்படிதலைப் பற்றிப் பாடம் இல்லை. சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

"அம்மா, ஒனக்குத் தெரியுமா இது வரும்னு?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா தங்கச்சியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இவ பொறந்தப்ப ஒங்க சித்தி வந்து, மூணும் பொட்டையான்னு ஒரு பாட்டம் அழுதுட்டுப் போனா. அன்னைக்கு சாயங்காலம் மட்டும் ஒங்கப்பா வரிசைய விட்டுட்டு இதத்தான் தேடி எடுத்து வாசிச்சாரு. எத்தனாவது அதிகாரம்னு யாருக்குத் தெரியும்? இந்த ஆகமத்துலன்னு மட்டும் நெனவு இருந்துச்சு."

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும் நிரைகளில் அத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்களாம். "ஏண்டி, ஒங்க சாமி பொட்டப்புள்ளைக்குக் காணி குடுன்னு சொல்லிருச்சாமே? ஒங்க சித்தப்பனுக்குக் காது அடைப்பா?"

ஆனால் சித்தப்பா காணியைத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரைத் தனியாகப் பார்த்துப் பேசினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணி, விஷயம் இன்னும் முடியல. அதே பொண்ணுங்களப் பத்தி ஆகமத்தோட கடைசியில இன்னொரு அதிகாரம் இருக்காம். காணி கைமாறிப் போகக் கூடாதுன்னு அதுல இருக்காம். அது வரட்டும். அதுல என்ன முடிவோ அதுபடி செய்வோம். நான் கீழ்ப்படியறேன். நீங்களும் கீழ்ப்படியணும்."

அதை அவர் இஸ்தோப்பில் நின்று, லயம் முழுவதும் கேட்கச் சொன்னார். அம்மாவின் முகம் வெளுத்தது. அப்படி ஓர் அதிகாரத்தைக் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை.

பின்வந்த அதிகாரங்களில் பலிகளும் யுத்தமும் பாளயம் இறங்கிய ஊர்களின் பேர்களும் வந்தன. சித்தப்பா உற்சாகமாக இருந்தார். எங்களுக்கு விறகுகூடப் பிளந்து போட்டார். அம்மா என் நல்ல பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கித் தைத்தார். எனக்குத் தருவதற்காக ஒரு தகரப் பெட்டியை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து, உள்ளே பழைய காகிதம் விரித்தார். ஒருநாள் அவர் அந்தப் பெட்டிக்குள் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் நம்பியது பாதிக் கதையை வைத்து. மீதிக் கதை எப்படி முடியும் என்று தெரியாமல் நம்புவதற்குத்தான் விசுவாசம் என்று பேர் என்பதை நான் அன்று கற்றேன் என்று சொன்னால் பொய். அன்று எனக்குப் பயம் மட்டும்தான்.

கடைசி அதிகாரத்தன்று தரகர் பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, இஸ்தோப்பில் எங்கள் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். சித்தப்பா தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எட்டு வயசுப் பயல், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றான். லயத்துப் பெண்கள் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரியும் ஈரக் கம்பளியை உதறுகிற மாதிரியும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தை அன்று சுவருக்குப் பின்னால் இல்லை. உள்ளேயே வந்து சாக்கில் உட்கார்ந்தார்.

நான் வாசித்தேன். அந்தப் பெண்களின் கோத்திரத்துப் பெரியவர்கள் மோசேயிடம் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டு போனால் காணியும் அவர்களோடு போய்விடுமே என்று முறையிடுகிறார்கள்.

"ஆ! கேட்டீங்களா?" சித்தப்பா தொடையில் தட்டினார். "நான் சொன்னது அப்படியே இருக்கு பாருங்க. பூண்டுலோயா, வட்டகொடைன்னு நான் சொல்லல?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தொடர்ந்தேன். அவர்கள் சொல்வது சரிதான் என்று மோசே சொல்கிறார். அந்தப் பெண்கள் தங்களுக்கு இஷ்டமானவர்களைக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள் இருக்க வேண்டும். காணியை யாரும் பிடுங்கவில்லை. அவர்களும் மோசே சொன்னபடியே செய்தார்கள். அந்த ஐந்து பெண்களும் தங்கள் தகப்பனுடைய சகோதரரின் மகன்களைக் கட்டிக்கொண்டார்கள்.

"அடி ஆத்தே!" என்றார் அத்தை. "சித்தப்பன் மகனையா?"

வாசலில் ஒருத்தி வாயில் கம்பளியை அடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "அண்ணன் தம்பி முறையில்ல? என்னடி அநியாயம்!" என்றாள். எல்லோர் கண்களும் மூக்கு ஒழுகிய பயல்மீது போயின. அவன் பயந்து சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

அம்மா கண்ணைத் திறந்தார். "தம்பி, அதுபடியே செய்வோம்னு சொன்னீங்க. பெரியவள ஒங்க மகனுக்குக் குடுக்கவா?"

"என்ன பேச்சு அண்ணி பேசுறீங்க!" சித்தப்பா பதறிப்போனார். "அவ அவனுக்கு அக்கா! தூக்கி வளத்தவ!"

"அப்ப வேதத்துல இருக்கறதுல எத எடுத்துக்கறது, எத விடறது? காணியப் பிடுங்குன்னு ரெண்டு அதிகாரத்துலயும் இல்லியே. வாசிச்சது ஒங்க அண்ணன் மகதான். ஒரு வார்த்தை விட்டாளா, கேளுங்க."

அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், ஒரு பேரை விழுங்கினாலும் பிடிக்கிறவர் அவர். நான் எதையும் விடவில்லை என்பது அவர் காதுக்கே தெரிந்திருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்தபோது, என்ன சொல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வேண்டா வெறுப்பான சிரிப்புத்தான். ஆனாலும் சிரிப்பு.

தரகருக்கு எதுவும் விளங்கவில்லை. "அப்ப நான் யாரக் கூட்டிக்கிட்டுப் போறது?"

"வந்த கொடையக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றார் அத்தை. "காணி இருக்க புள்ளைக்குக் கொழும்பு எதுக்கு? கீழ பஸ் இருக்கு."

உபதேசியாரைப் பற்றி இப்போது ஒன்று தோன்றுகிறது. அந்த அதிகாரத்தின் கடைசி வரிகளை அவர் மறந்துபோய்ச் சித்தப்பாவை அனுப்பினாரா, அல்லது நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் அனுப்பினாரா? அவர் உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. பெரியவர்கள் எல்லோரையும் பயந்தவர்கள் என்று தள்ளிவைத்த வயது அது.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, சித்தப்பா பெரிய கங்காணியிடம் போய் மேல் காணி அண்ணன் மக்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டவள். பெரிய கங்காணி சிரித்தாராம்.

"பொட்டைங்ககிட்டக் காணியா? ஒனக்கு என்னய்யா பைத்தியமா?"

"நான் தெனமும் ஒக்காந்து கீழ்ப்படி, கீழ்ப்படின்னு அந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேங்க. நானே மாட்டேன்னு சொன்னா, இன்னைக்கு வெளக்கு வச்ச பொறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் ஒக்காருவேன்?"

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல ஓர் ஆண் பிள்ளைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கீழ்ப்படிதலைப் பற்றி அவர் சொன்ன பாடங்களில் என் மனத்தில் நின்றது இது ஒன்றுதான்.

சித்தப்பா போட்டிருந்த கோவா, முட்டைக்கோசுதான், காணியில் பாதி வளர்ந்து நின்றது. "பயிரு ஒங்களோடது தம்பி, வெட்டிக்கங்க. மண்ணு எங்களோடது," என்றார் அம்மா. அவர் வெட்டி முடித்ததும் நாங்கள் ஏறினோம். நானும் அக்காவும் மண்ணைப் புரட்டினோம். தங்கச்சி கல் பொறுக்கினாள். கிழங்கு போட்டோம்.

அந்தக் கிழங்கைத் தோண்டிய காலை பனி விலகிப் பளீரென்று வெயில் அடித்தது. அம்மா மண்வெட்டியால் முதல் செடியைக் கெல்லினார். கொத்தாக வந்தது. கை கொள்ளவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. அவர் நிமிர்ந்து நின்றார். முக்காடு தோளில் விழுந்துகிடந்தது. எடுத்துப் போடவில்லை. ஈர மண் ஒட்டிய கையை வாயருகே குவித்து, கீழே இருக்கும் லயத்தைப் பார்த்து, அடுத்த மலையிலும் எதிரொலிக்கிற மாதிரி அம்மா கத்தினார்:

"எல்லாரும் கூடைய எடுத்துக்கிட்டு வாங்கடி! எங்க காணியில கெழங்கு தோண்டுறோம்!"